பங்கு கேட்டால் குடும்பத்தை உடைக்கிறவளா? உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்

நொய்யல்:
அப்பாவின் கருமாதி முடிந்த கையோடு, சொத்தில் என் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுப்பதாக எழுதிய விடுதலைப் பத்திரம் தயாராகிவிட்டது. நடைமுறை உங்களுக்கே தெரியும், அதை விளக்கப்போவதில்லை. பதிவு அலுவலக வாசலில், பத்திர எழுத்தரின் மேசைக்கு முன்னால், "முதலில் படித்துப் பார்க்கிறேன்" என்று மட்டும்தான் சொன்னேன். பெரியப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இந்தப் பெண்ணியத்தை எல்லாம் உன் ஆபீஸோடு வைத்துக்கொள். கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் புருஷன் வீடுதான் வீடு. அண்ணன் வாசலை மிதிக்க வேண்டுமா, வேண்டாமா?" என்றார். அவர் பேசியது பெரிதில்லை. அம்மா எழுந்து வந்து, பேனாவை எடுத்து என் விரல்களுக்கு நடுவில் வைத்து அழுத்தினார். "போட்டுவிடு கண்ணு. இனிமேல் நான் சோறு தின்ன வேண்டியது இவன் வீட்டில்தான்." போட்டுவிட்டேன். அந்த அழுத்தம் இன்னும் விரலில் இருக்கிறது.

மூத்த மருமகள்:
நானும் கையெழுத்துப் போட்டவள்தான், மனமுவந்து. என் மகளின் சடங்குக்குத் தாய்மாமன் சீர், என் அறுவை சிகிச்சையின்போது ஆஸ்பத்திரியில் இரவுக் காவல் என எல்லாம் என் அண்ணன்தான். இதைச் சொன்னதற்கு, ஒரு கல்யாண வீட்டில் உறவுக்காரப் பெண் ஒருத்தி, "உங்களைப் போன்றவர்களால்தான் மற்றவர்களுக்குக் கிடைக்காமல் போகிறது. வீட்டிலேயே கிடந்தால் இப்படித்தான்" என்றாள், பத்துப் பேர் முன்னால். வீட்டிலே கிடந்து படுக்கையில் விழுந்த மாமியாரைக் குளிப்பாட்டியவள் நான். பிள்ளைகளைப் படிக்க வைத்தவள் நான். குடும்பத்துக்காக வாழ்வதை நானே தேர்ந்தெடுத்தேன் என்றால் அதை ஏன் யாரும் நம்ப மறுக்கிறார்கள்? நொய்யல், உங்கள் பெரியப்பா பேசியது தவறு. ஆனால் அண்ணன் என்றாலே பறிப்பவன் என்று எழுதாதீர்கள்.

நொய்யல்:
அப்படி நான் எழுதவே இல்லை. திரும்பப் படியுங்கள்.

கரிசல்:
ஆண் ஒருவன் இங்கே எழுதலாமா என்று தெரியவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். அக்காவுக்கு 1989-க்கு முன்பே திருமணம் ஆகிவிட்டதால் பூர்வீக நிலத்தில் சட்டப்படி எதுவும் கிடையாது என்றார்கள். சட்டம் எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும் என்று சமபங்கு எழுதிக் கொடுத்தேன். அடுத்து வந்த கல்யாணப் பந்தியில் என் தாய்மாமா பக்கத்து இலையில் இருந்தார். பொரியல் பரிமாறிவிட்டார்கள். திடீரென்று இலையை விட்டு எழுந்து எதிர்வரிசைக்குப் போய்விட்டார். கை கழுவும் இடத்தில் மடக்கிக் கேட்டேன். "உன்னைப் பார்த்து நாளைக்கு என் மூன்று பெண்களும் கேட்பார்கள். நீ நல்ல பெயர் வாங்க என் குடும்பம் தெருவுக்கு வர வேண்டுமா?" என்றார். என்னைத் தூக்கி வளர்த்தவர். இன்றும் பேசுவதில்லை.

முன்னாள் பத்திர எழுத்தர்:
பல வருடம் இதே தொழில். ஓர் அண்ணன் பழைய நோட்டு ஒன்றோடு வந்தார். தங்கையின் திருமணத்துக்குப் போட்ட நகை, பீரோ, கட்டில், பித்தளை அண்டா வரை அதில் எழுதி வைத்திருந்தார். ஒவ்வொன்றாக அவர் உரக்க வாசிக்க வாசிக்க, அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டே போனார். "தீபாவளிக்கு எடுத்த சேலை" என்று வாசித்தபோது, நோட்டைப் பிடுங்கி மூடிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

இனி, இங்கே எழுதியிருப்பதைத் திருத்த வேண்டும். கரிசல், உங்களுக்குச் சொன்னவர்கள் பாதிதான் சொன்னார்கள். 25.3.1989-க்கு முன் திருமணமானவர்களுக்குப் பங்கில்லை என்பது தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டம். 2005 செப்டம்பர் 9-இல் நடைமுறைக்கு வந்த இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் மத்தியத் திருத்தத்தில் அந்த வேறுபாடே இல்லை. அன்று தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறைப்படி பதிவாகியோ நீதிமன்றத் தீர்ப்பாலோ முடிந்த பாகப்பிரிவினைகளையும், அதற்கு முன் நடந்த விற்பனை போன்ற கைமாற்றங்களையும் தொட முடியாது. அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்து என்றால் கதையே வேறு. உயில் எழுதாமல் அவர் இறந்தால் மகன், மகள், மனைவி, அவருடைய தாய் எல்லோருக்கும் சமபங்கு. அது 1956 முதலே உள்ள சட்டம். சீர் வாங்கியதால் பங்கு போய்விடாது. நோட்டில் என்ன எழுதியிருந்தாலும் சரி. மூத்த மருமகள், நீங்கள் மனமுவந்து கொடுத்தது உங்கள் உரிமை. ஆனால் பத்திரத்தில் என்னென்ன சர்வே எண்கள் இருந்தன என்று பார்த்தீர்களா? ஒரு வீட்டுக்கு என்று சொல்லி மொத்தச் சொத்துக்கும் வாங்கிவிடுவார்கள். சொத்தின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பாருங்கள். மிரட்டியோ ஏமாற்றியோ எழுதி வாங்கியிருந்தால், அது தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும். நொய்யல், தள்ளிப் போடாதீர்கள்.

மூத்த மருமகள்:
நான் ஆலோசனை கேட்கவில்லை ஐயா. என் அண்ணனைச் சந்தேகப்படச் சொல்ல நீங்கள் யார்?

சமூக அறிவியல் ஆசிரியை:
பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டதைப் பத்தாம் வகுப்பில் நடத்தினேன். மறுநாள் ஒரு மாணவியின் அப்பா வந்தார். சத்தம் போடவில்லை, கெஞ்சினார். "மொத்தமே இரண்டு ஏக்கர் டீச்சர். கிணறு ஒன்றுதான். இதை இரண்டாகக் கிழித்தால் யாருக்குமே விவசாயம் இல்லை. வயதான காலத்தில் எங்களைப் பார்க்கப்போகிறவன் அவன். அவளை நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்துவிடுவேன். இதை மட்டும் அவளுக்குச் சொல்லித்தராதீர்கள்." மகள் கதவருகில் சாப்பாட்டுப் பையோடு நின்றுகொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "தம்பி பார்க்காவிட்டால்?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். அவர் அவளைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது.

பெண்களுக்கும் சொத்தில் பங்கு தர முனைந்த இந்து சட்டத் தொகுப்பு மசோதாவை எதிர்த்தவர்களும் குடும்பம் சிதறிவிடும் என்றுதான் சொன்னார்கள். அது முடங்கியதை ஒரு முக்கியக் காரணமாகச் சொல்லித்தான் 1951-இல் அம்பேத்கர் சட்ட அமைச்சர் பதவியை விட்டு விலகினார். அதை எல்லாம் அந்த மனிதரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாடத்தை மட்டும் நிறுத்தவில்லை.

மூத்த மருமகள்:
நொய்யல், ஒன்று கேட்க வேண்டும். அந்தப் பத்திரத்தில் உங்கள் அம்மாவும் கையெழுத்துப் போட்டாரா? எனக்கு அதுதான் உறுத்துகிறது.

நொய்யல்:
போட்டார் அக்கா. முதல் கையெழுத்தே அவருடையதுதான். அண்ணன் விரலை வைத்து இடத்தைக் காட்டினார், அம்மா போட்டார். அவருக்கும் ஒரு பங்கு உண்டு என்று அந்த அறையில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. நகல் வாங்கிவிட்டேன். திங்கட்கிழமை வக்கீலைப் பார்க்கிறேன். உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டில் குடியிருக்க அம்மாவுக்கு உரிமை உண்டு என்று அதில் ஒரு வரியாவது இருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும். என் பங்கைப் பற்றி அதற்குப் பிறகு பேசிக்கொள்கிறேன்.