நேட்டால் கப்பல் பட்டியலில் பூர்வீக ஊரைத் தேடுவது

கேள்வி: 1890 வாக்கில் மதராஸிலிருந்து இன்றைய தென்னாப்பிரிக்காவிலுள்ள நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலியாகப் போனவர். ‘முனிசாமி’ என்ற பெயர் மட்டும்தான் தெரியும். சொந்த ஊரை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில் 1: பெயரை வைத்துத் தேடாதீங்க, நூறு முனிசாமி வருவாங்க. காலனி எண்ணைப் பிடிங்க, அதாவது ஒவ்வொரு ஒப்பந்தக் கூலிக்கும் அங்கே கொடுத்த பதிவு எண். பிள்ளைகளின் பழைய பிறப்பு, திருமணப் பதிவுகளில் இருக்கும். அந்த எண்ணுக்கான கப்பல் பட்டியல் வரியில் தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் எல்லாம் கிடைக்கும்.

பதில் 2: எழுத்தை நம்பாதீங்க; குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியது. ‘மூன்சாமி’ன்னும் இருக்கும். ஊர்ப்பெயரை வாய்விட்டுப் படிச்சுப் பாருங்க, பிடிபடும். குடும்பப்பெயரும் ஏமாற்றும்: அங்கே பலருக்குத் தாத்தாவின் பெயரே குடும்பப்பெயர் ஆயிடுச்சு.

பதில் 3: ஜில்லா அன்றைய எல்லைப்படி. ‘வட ஆற்காடு’ன்னா வேலூர்ப் பக்கம் மட்டுமில்லை, சித்தூரும் சேர்த்தி, 1911இல்தான் பிரிஞ்சது. திருவண்ணாமலையோ அப்போ தென்னாற்காடு.