மாலா-டி கருத்தடை மாத்திரையின் புது அட்டையை ரெண்டு நாள் தள்ளி ஆரம்பித்தால் கரு தங்க வாய்ப்பு உண்டா?

மாரத்தஹள்ளி மலர்:
மாலா-டி எடுத்துக்கிட்டு வர்றேன். பழுப்பு மாத்திரை ஏழும் முடிஞ்சு, சனிக்கிழமை ராத்திரி புது அட்டை ஆரம்பிச்சிருக்கணும். நாங்க ரெண்டு பேரும் சேலம் போயிருந்தோம், அட்டை பெங்களூர்லயே தங்கிடுச்சு. திங்கள் ராத்திரி வந்துதான் முதல் வெள்ளை மாத்திரை போட்டேன். ஞாயிறு ராத்திரி உறவு இருந்துச்சு, காண்டம் இல்ல. இன்னைக்கு செவ்வாய். போன அட்டையில ஒரு மாத்திரைகூட விடல, அதனால பயமில்லையா? ஐ-பில் போடலாமான்னு மெடிக்கல்ஸ்ல கேட்டா, "ரெண்டையும் சேர்த்துப் போட்டா மாலா-டி வேலை செய்யாது"ங்கறாங்க. தொண்டை வலிக்கு அசித்ரோமைசின் வேற மூணு நாள் எடுத்தேன். அதுவும் இதைக் கெடுக்குமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மகப்பேறு மருத்துவர், ஜெயநகர்:
மலர், முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இன்றே அவசரகால மாத்திரை ஒன்று, லெவோநார்ஜெஸ்ட்ரெல் 1.5 மில்லிகிராம், போட்டுக்கொள்ளுங்கள். ஐ-பில், அன்வாண்டட்-72 எல்லாம் இதே மருந்துதான். 72 மணி நேரக் கெடு உங்களுக்குப் புதன் இரவோடு முடிகிறது. அதுவரை காத்திருக்க வேண்டாம், நேரம் போகப் போகப் பலன் குறையும். போட்ட மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போட வேண்டும்.

மாலா-டியை நிறுத்தாதீர்கள். இன்று இரவு இரண்டாவது வெள்ளை மாத்திரை, நாளை மூன்றாவது என்று அம்புக்குறிப்படியே போங்கள். மருந்துக் கடையில் சொன்னது லெவோநார்ஜெஸ்ட்ரெலுக்குப் பொருந்தாது. யூலிப்ரிஸ்டல் என்று வேறொரு அவசரகால மாத்திரை உண்டு. அதைப் போட்டால்தான் வழக்கமான மாத்திரைக்கு ஐந்து நாள் இடைவெளி விட வேண்டும். வாங்கும்போது அட்டையின் பின்பக்கம் மருந்தின் பெயரைப் படித்துப் பாருங்கள். இன்றிலிருந்து ஏழு நாள், ஏழு மாத்திரையும் விடாமல் போகும் வரை, காண்டம் கட்டாயம்.

இப்போது காரணம். தப்பியது ரெண்டே மாத்திரைதானே என்று பலரும் நினைப்பார்கள். எத்தனை தப்பியது என்பதைவிட எந்த இடத்தில் தப்பியது என்பதுதான் முக்கியம். ஒவ்வொரு வெள்ளை மாத்திரையிலும் எத்தினைல் ஈஸ்ட்ரடையால் 0.03 மில்லிகிராமும் லெவோநார்ஜெஸ்ட்ரெல் 0.15 மில்லிகிராமும் இருக்கின்றன. இவை மூளையிலிருந்து வரும் எஃப்.எஸ்.எச்., எல்.எச். சுரப்புகளை அடக்கி வைக்கின்றன. அதனால் கருமுட்டை முதிர்வதில்லை, வெளியே வருவதுமில்லை. கருப்பை வாய்ச் சளியும் கெட்டியாகி விந்தணுவை உள்ளே விடாது. பழுப்பு மாத்திரை வெறும் இரும்புச்சத்து. அந்த ஏழு நாளில் இந்தக் கட்டுப்பாடு தளர்ந்து, சூலகத்தில் முட்டைப்பைகள் மெல்ல வளரத் தொடங்கிவிடும். எட்டாம் நாள் வெள்ளை மாத்திரை வந்ததும் அவை அமுங்கும். உங்களுக்கு அந்த இடைவெளி ஒன்பது நாளாக நீண்டிருக்கிறது. பெரும்பாலான பெண்களுக்கு அதற்குள் முட்டை வெளிவராது, சிலருக்கு வந்துவிடும். விந்தணு உடலுக்குள் ஐந்து நாள்வரை உயிரோடிருக்கும் என்பதால், ஞாயிறு நடந்த உறவுக்குப் பிறகு வரும் நாட்களும் கணக்கில் சேரும்.

இதே ரெண்டு மாத்திரை அட்டையின் நடுவில், முன்னால் ஏழு ஒழுங்காகப் போட்ட பிறகு தப்பியிருந்தால், அவசரகால மாத்திரை தேவைப்பட்டிருக்காது. ஏழு நாள் காண்டம் போதும்.

மருந்தாளர், அல்சூர்:
டாக்டர் சொன்னதோட மருந்து விஷயத்தை மட்டும் சேர்க்கிறேன். அசித்ரோமைசின், அமாக்ஸிசிலின் மாதிரி சாதாரண ஆன்டிபயாடிக் கருத்தடை மாத்திரையோட சக்தியைக் குறைக்காது. அந்த ஆன்டிபயாடிக்கால வாந்தியோ பேதியோ ஒரு நாளுக்கு மேல நீடிச்சாதான் கவலை, அந்த நாட்களை மாத்திரை தப்பின நாளாவே எடுத்துக்கணும்.

நிஜமா கெடுக்கிறது டிபிக்குக் குடுக்கிற ரிஃபாம்பிசின். வலிப்புக்கான ஃபெனிட்டாயின், கார்பமாஸெபைன், ஃபீனோபார்பிட்டோனும் அப்படித்தான். கல்லீரல் இந்த ஹார்மோனை வேகமா உடைச்சுத் தள்ளிடும். ரிஃபாம்பிசின் நிறுத்தின பிறகும் நாலு வாரம் இந்த விளைவு இருக்கும். டிபி மருந்து எடுக்கிறவங்க மாலா-டியை நம்பவே கூடாது, காப்பர்-டி மாதிரி வழிக்கு மாறிடணும். இதை மருந்துச் சீட்டு எழுதுறவங்களும் சொல்றதில்ல, எடுக்கிறவங்களும் கேக்கிறதில்ல. ரொம்ப வருத்தமான விஷயம் இது.

மாரத்தஹள்ளி மலர்:
ரொம்ப நன்றி டாக்டர், நன்றிங்க அண்ணா. இப்பவே போய் வாங்கிடறேன். இன்னும் ரெண்டு சந்தேகம். அடுத்த பழுப்பு மாத்திரை நாட்கள்ல ரத்தம் வந்துட்டா கரு இல்லைன்னு நம்பலாமா? எனக்கு வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறும். ஒரே நேரத்துல போட முடியல. அதனால பலன் குறையுமா?

குடும்ப நலச் செவிலியர், சிவாஜிநகர்:
அந்த ரத்தத்தை நம்பாதீங்கம்மா. ஹார்மோன் நின்னதால வர்ற உதிரம் அது, உண்மையான மாதவிலக்கு இல்ல. போதாததுக்கு அவசரகால மாத்திரையால நடுவுல திட்டுத் திட்டாவும் வரலாம். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து 21 நாள் கழிச்சு கர்ப்ப டெஸ்ட் கிட்ல பாருங்க. அதுக்கு முன்னாடி பார்த்து ஒரு கோடு வந்தா அர்த்தமில்ல, எச்சிஜிங்கற கர்ப்ப ஹார்மோன் அளவு ஏறியிருக்காது. காலையில முதல் சிறுநீர், கிட் அட்டையில போட்டிருக்கிற நேரம் மட்டும் காத்திருந்து பாருங்க. ரொம்ப நேரம் கழிச்சுத் தெரியிற மங்கல் கோட்டைக் கணக்கில எடுக்காதீங்க. ரெண்டு கோடு வந்தா பதறாம டாக்டரைப் பாருங்க. அதுவரை மாத்திரை எடுத்ததால குழந்தைக்குக் கெடுதல் வராது.

ஷிஃப்ட் பத்தி: மாலா-டி மாதிரி ரெண்டு ஹார்மோன் இருக்கிற மாத்திரை சில மணி நேரம் முன்னப் பின்ன ஆனா ஒண்ணும் ஆகாது. ஒண்ணு தப்பினா ஞாபகம் வந்ததும் போட்டுட்டு, அடுத்ததை வழக்கமான நேரத்துல போடுங்க. ஒரே நாளில ரெண்டு வந்தாலும் பரவாயில்ல. பால் கொடுக்கிற அம்மாக்களுக்குத் தர்ற டெசோஜெஸ்ட்ரெல் மட்டும் உள்ள மாத்திரை வேற, அதுல 12 மணி நேரத்துக்கு மேல தாமதம் கூடாது. தூங்கப் போற நேரத்துல போடுங்க, பகல் தூக்கமா ராத்திரித் தூக்கமா என்கிறது முக்கியமில்ல. அட்டை ஒண்ணு ஹேண்ட்பேக்குல, ஒண்ணு வீட்டுல.

மகப்பேறு மருத்துவர், ஜெயநகர்:
செவிலியர் சொன்னதை வழிமொழிகிறேன். சரியாகப் போட்டால் ஆண்டுக்கு 1000 பெண்களில் 3 பேருக்குத்தான் கரு தங்கும். நடைமுறையில் 100க்கு 7. இந்த வித்தியாசத்துக்கு முக்கியக் காரணம் மாத்திரை தப்புவதுதான். அதிலும் அட்டை மாறும் இடத்தில் தப்புவது ஆபத்து. அதனால் வெள்ளை மாத்திரையின் கடைசி வாரத்தில் ரெண்டு தப்பினால், மீதி வெள்ளையை முடித்ததும் பழுப்பைப் போடாதீர்கள். அதை எறிந்துவிட்டு அடுத்த அட்டையின் வெள்ளையைத் தொடங்குங்கள். அந்த மாதம் உதிரம் வராமல் போனால் கெடுதல் இல்லை. காண்டம் ஏழு நாள் அங்கும் உண்டு.

மலர், ஒன்றைக் கேட்க வேண்டும். 35 வயதைத் தாண்டிப் புகைபிடிப்பவர், கண்ணில் மினுமினுப்போடு ஒற்றைத் தலைவலி வருபவர், ரத்த அழுத்தம் அதிகம் உள்ளவர், காலில் ரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர் இந்த மாத்திரை எடுக்கக் கூடாது. அழுத்தம் பார்த்து எவ்வளவு நாளாகிறது? கெண்டைக்கால் ஒரு பக்கம் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

மாரத்தஹள்ளி மலர்:
புகைப் பழக்கம் இல்ல, தலைவலியும் இல்ல. அழுத்தம் பார்த்ததே இல்லைங்க டாக்டர்.

குடும்ப நலச் செவிலியர், சிவாஜிநகர்:
பக்கத்துல இருக்கிற 'நம்ம கிளினிக்'ங்கற அரசு கிளினிக்குல பார்த்துக்கலாம், காசு கேக்க மாட்டாங்க. மாலா-என் அங்க இருக்கான்னும் கேளுங்க, அரசு ஆஸ்பத்திரிகள்ல இலவசமாத் தர்ற அட்டை அது. ஒரு அட்டையோட வராம ரெண்டு மூணு கேட்டு வாங்கி வச்சுக்கோங்க.