கிங், பெரியார்: மாணவியின் பேச்சுக்கு உதவுங்கள்

கொழிஞ்சாம்பாறை ஆசிரியை:
எங்கள் தமிழ்வழிப் பள்ளி மாணவி ஒருத்தி, பேச்சுப் போட்டியில் மார்ட்டின் லூதர் கிங்கையும் பெரியாரையும் ஒப்பிடப் போகிறாள். 1963 ஆகஸ்ட் 28 வாஷிங்டன் உரை அவளுக்கு மனப்பாடம். பெரியார் கலந்துகொண்ட கேரளத்து வைக்கம் போராட்டத்தைப் பற்றி இரண்டே வரிதான் வைத்திருக்கிறாள். பாலக்காட்டுப் பிள்ளை அப்படிப் பேசலாமா? எனக்கு மனம் ஒப்பவில்லை.

செங்கோட்டைக்காரர்:
எங்கள் ஊர் 1956 வரை திருவிதாங்கூரில் இருந்தது. எங்களுக்கும் அது சொந்தக் கதைதான். 1924இல் கேரளத் தலைவர்கள் சிறைபட்ட பிறகு, அவர்கள் அழைத்து வந்தவர் பெரியார். கோயிலைச் சுற்றிய தெருக்களில் ஒடுக்கப்பட்டோர் நடக்கும் உரிமைக்காக இருமுறை சிறை சென்றார். அவர் மனைவி நாகம்மையாரும் களத்தில் நின்றார். நாகம்மையாரை விட்டுவிடாதீர்கள், அம்மா. கிங் தேவாலயப் போதகர். ஒரே தொடரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கூட்டத்தை உயர்த்துவார். பாடகி மஹாலியா ஜாக்சன் கீழிருந்து குரல் கொடுத்ததும் எழுதி வைத்த உரையை விட்டு விலகியவர். பெரியாரோ கேள்வி மேல் கேள்வி கேட்டு, கேட்பவரையே யோசிக்க வைப்பார். அந்த வேறுபாட்டை அவள் குரலிலேயே காட்டட்டும்.

பீர்மேட்டிலிருந்து:
திருவிதாங்கூரின் ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவர் ஐயன்காளி எங்கே? 1893இல் தடையை மீறி வில்வண்டியில் பொதுச்சாலையில் சென்றவர். பள்ளியில் அந்த மக்களின் பிள்ளைகளைச் சேர்க்க மறுத்தபோது வயல்வேலையை நிறுத்தச் செய்தார். அமெரிக்காவின் மாண்ட்கோமரியில் கிங் தலைமையில் கறுப்பின மக்கள் 381 நாள் பஸ்ஸைப் புறக்கணித்ததும் இதே வழிதான். பிறகு ஐயன்காளி திருவிதாங்கூரின் பிரஜா சபையில் நிலமும் கல்வியும் கேட்டுப் பேசினார். தோட்டத் தொழிலாளியின் மகனான எனக்கு அவர்தான் முதலில்.

கொழிஞ்சாம்பாறை ஆசிரியை:
வேலைநிறுத்தத்தையும் பஸ் புறக்கணிப்பையும் வைத்தே தொடங்கச் சொல்கிறேன். நன்றி, அண்ணா.