‘என்ட்ரி லெவல்’: யாருக்கு?

வெள்ளிமீன்:
இன்று ஒரு வேலை விளம்பரம் பார்த்தேன். தரவு உள்ளிடும் வேலை. தலைப்பில் ‘என்ட்ரி லெவல்’, கீழே ‘மூன்று ஆண்டு அனுபவம் கட்டாயம்’. படிப்பு முடித்துவிட்டு வருகிறவனுக்கு இல்லாத வேலைக்கு எதற்கு அந்தப் பெயர்? தொடக்கநிலை என்றால் தொடங்குகிறவனுக்கு உரியது, அவ்வளவுதான்.

கல்தச்சன்:
அவ்வளவுதானா? என்ட்ரி என்றால் நுழைவு. ஒரு துறைக்குள் கால் வைக்கும் முதல் படி எதுவோ, அது. அந்தப் படி எவ்வளவு உயரம் என்பது வேறு கதை. அமெரிக்க விமான நிறுவனத்தில் புதிதாகச் சேருகிறவர் துணை விமானியாகத்தான் சேருவார். 2013-இல் வந்த விதிப்படி அதற்கே பொதுவாக 1500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். உதவிப் பேராசிரியர் பதவியும் முதல் படிதான். பல பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்டம் இல்லாமல் உள்ளே போக முடியாது.

வெள்ளிமீன்:
விமானத்தில் நூறு உயிர் இருக்கிறது, சரி. தரவு உள்ளிடுவதில் என்ன இருக்கிறது? அனுபவசாலி வேண்டும், சம்பளம் மட்டும் புதியவன் சம்பளம். அதற்குப் போர்த்திய போர்வைதான் இந்தச் சொல்.

பழையசுவிட்ச்:
பொருட்களிலும் இதே குழப்பம் உண்டு. என்ட்ரி லெவல் டிஎஸ்எல்ஆர் கேமராக்கள் பலவற்றில் சுழற்றும் சக்கரம் ஒன்றுதான். ஷட்டர் திறந்து மூடும் வேகத்துக்கும் அதுதான், அப்பர்ச்சருக்கு (ஒளி நுழையும் துளையின் அளவு) ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டு மறுபடி அதையேதான் சுழற்ற வேண்டும். மேனுவலில், அதாவது இரண்டையும் தானே அமைத்துப் படம் எடுக்கக் கற்றுக்கொள்கிறவருக்கு எரிச்சல்தான் மிஞ்சும். மலிவு கிதார் இன்னும் மோசம். கம்பிகள் உயரமாக நின்று விரலைப் பதம் பார்க்கும். கைதேர்ந்தவர் சமாளிப்பார், புதியவர் இரண்டாம் வாரமே மூலையில் சாத்திவிடுவார் (நான் சாத்தினேன்). விலைப்பட்டியலின் கடைசி வரிக்குத்தான் அந்தப் பெயர். கற்பவரை நினைத்து வைத்ததில்லை.

கல்தச்சன்:
அதையேதான் நானும் சொல்கிறேன், விற்பவரின் ஏணியில் கீழ்ப் படி. 1998-இல் இன்டெல் தன் கணினிச் சில்லுகளில் மலிவு வரிசையாகச் செலரானை இறக்கியது. அதில் 300ஏ என்ற சில்லை விரும்பி வாங்கியவர்கள் யார்? கணினியை அக்கக்காகப் பிரித்துப் போடுகிற ஆட்கள். 300 மெகாஹெர்ட்ஸ் வேகத்துக்கென விற்ற சில்லை 450 வேகத்தில் ஓட்டினார்கள்! என்ட்ரி லெவல் பொருள், வாங்கியவர் பழம் தின்று கொட்டை போட்டவர்.

வெள்ளிமீன்:
பொருள் விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே காசு குறைவு, கிடைப்பதும் குறைவு. கணக்கு நேர். வேலையில் கொடுப்பது குறைவு, கேட்பது அதிகம். ஒரே சொல்லை வைத்து இரண்டையும் எப்படி அளப்பது?

கல்தச்சன்:
அது நல்ல அடி. ஆனாலும் குற்றம் சொல்லில் இல்லை. நாளைக்கே ‘தொடக்கநிலை’ என்று மாற்றுங்கள், அதற்கும் மூன்று ஆண்டு கேட்பார்கள்.

பழையசுவிட்ச்:
அப்படியானால் தமிழிலாவது பிரித்து வைப்போமே. அனுபவம் கேட்காத வேலை தொடக்கநிலை, கேட்பது நுழைவுநிலை. பொருளுக்கு இரண்டும் வேண்டாம், ‘பேஸ் மாடல்’ என்று எல்லோரும் சொல்கிறார்களே, அதுவே நேர்மையானது.

வெள்ளிமீன்:
நல்ல யோசனை, விளம்பரம் எழுதுகிறவர் கேட்க வேண்டும். அப்புறம், வீம்புக்கு அந்த வேலைக்கு விண்ணப்பித்துப் பார்த்தேன். அனுபவக் கட்டத்தில் 0 போட்டேன். படிவம் அடுத்த பக்கத்துக்கே போகவில்லை.