‘சுழற்கீறல்’ பற்றி: காரின் பெயின்றில் விழும் கீறல்களுக்கு ஒரு மாற்றுச் சொல்

அன்புடையீர்,

வெயில் படும்போது காரின் பெயின்றில் வட்டம் வட்டமாகத் தெரியும் மெல்லிய கோடுகளை ஆங்கிலத்தில் ‘ஸ்வேர்ல் மார்க்’ என்பதையொட்டிச் ‘சுழற்கீறல்’ என வழங்கலாம் என்ற முன்மொழிவை நம் கலைச்சொல் உரையாடலில் அன்பர்கள் சிலர் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஆயினும் யாழ்ப்பாணத்தில் கார் மெருகிடும் வேலையைப் பழகும் இளைஞர்களுக்குத் தமிழிற் குறிப்பு எழுதிக் கொடுப்பவன் என்ற முறையில் இச்சொல்லை என்னால் ஏற்க இயலவில்லை. யாழ்ப்பாணத்துக்கு அருகிலுள்ள மானிப்பாயில் 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் தமிழில் மருத்துவம் கற்பித்தபோது, அவருடைய சொற்கள் எதிரே இருந்த மாணவருக்காகப் பிறந்தன. நம்முடைய சொல்லும் மெருகிடும் பொறியான பொலிஷரைக் கையிற் பிடித்து நிற்பவருக்கு உதவ வேண்டும் என்பதே என் நிலைப்பாடு.

அந்தக் கீறல்கள் உண்மையில் வட்டமானவை அல்ல. கோண்டாவில், உரும்பிராய்ப் பக்கத்துச் செம்பாட்டுப் புழுதி படிந்த காரை உலர்ந்த துணியால் துடைக்கும்போதும், மண் ஒட்டிய துவாயை அலசாமல் மறுபடி தேய்க்கும்போதும், கை போன போக்கில் நேராகவும் குறுக்காகவும் அவை விழுகின்றன. அவற்றுள், விளக்கின் பிம்பத்திலிருந்து விரியும் ஆரைகளுக்குச் செங்குத்தாகக் கிடப்பவை மட்டுமே ஒளியை நம் கண்ணுக்குத் திருப்புகின்றன. ஏனையவை அங்கேயே இருந்தும் தெரிவதில்லை. மின்னுகின்ற சிறு துண்டுகளைக் கண் ஒன்றுசேர்த்து வட்டமாகக் காண்கிறது. ரோச் விளக்கைச் சற்று நகர்த்திப் பாருங்கள், வட்டங்களும் அதனுடன் நகரும். கீறல் வட்டமாக இருந்திருந்தால் அது விழுந்த இடத்திலேயே நின்றிருக்கும்.

தோற்றத்தை வைத்துப் பெயரிட்டால் என்ன குறை என்று ஓர் அன்பர் கேட்டிருந்தார். குறை என்னவென்றால், சுழற்சியால் உண்மையாகவே விழும் வேறொரு தடம் இருக்கிறது. ஒரே அச்சிற் சுழலும் ரோட்டரி பொலிஷரில் பூச்சின்மேல் தேய்க்கும் வட்டமான கம்பளி பாட் பூட்டி, கரடான தேய்ப்புப் பசையாகிய கொம்பவுண்டை இட்டுத் தேய்த்து, அத்துடன் வேலையை நிறுத்திவிட்டால், பாட் சென்ற வழியெல்லாம் வில் வில்லாகத் தடங்கள் எஞ்சும். தொழிலில் இவற்றை ‘ஹொலோகிராம்’ என்கிறார்கள். கராச்சின் குழாய் விளக்கில் அவை பெரும்பாலும் கண்ணுக்குப் படுவதில்லை; காரை வெளியே எடுத்து வெயிலில் நிறுத்தியதும் பொனற் முழுவதும் தெரியும். இவ்விரண்டுக்கும் வைத்தியம் வேறு. கழுவித் துடைக்கும்போது விழுந்த கீறலுக்குப் பூச்சை ஓரளவு தேய்த்தெடுக்கும் கொம்பவுண்ட் தேவைப்படலாம். ஹொலோகிராமுக்கோ பெரும்பாலும் மென்மையான நுரைப்பஞ்சு பாட்டும் நுண்ணிய பொலிஷும் போதும், அதையும் சுழற்சியோடு ஒழுங்கற்ற அசைவும் சேர்ந்த டீ.ஏ. (டுவல் அக்ஷன்) பொலிஷரில் செய்வதே பாதுகாப்பு. இரண்டையும் ‘சுழற்கீறல்’ என்று எழுதிக் கொடுத்தால், பழகுபவர் எதை எடுப்பார்?

ஆகவே கழுவித் துடைக்கும்போது விழுவதற்கு ‘மயிர்க்கீறல்’ என்பதையும், பொலிஷர் விட்டுச்செல்வதற்குச் ‘சுழல்தடம்’ என்பதையும் முன்மொழிகிறேன். சுழல் என்ற சொல் சுழற்சி உண்மையில் உள்ள இடத்துக்கே போய்ச் சேரட்டும். ‘மயிர்’ என்பது தமிழகத்து அன்பர்களுக்கு உறுத்தலாம் என்பதை அறிவேன். இலங்கைப் பாடநூல்களில் ‘மயிர்த்துளைக் குழாய்’ படித்து வளர்ந்த எங்களுக்கு அச்சொல்லில் இழிவு தோன்றுவதில்லை. சுவரில் நூல்போல ஓடும் பிளவை ‘மயிர்வெடிப்பு’ என்றும் சொல்கிறோம். வழக்கில் உள்ள சொல்லின் பக்கத்தில் வைக்கக்கூடிய புதுச்சொல் விளக்கமின்றியே புரியும். ‘உரோஞ்சல்’ என்ற நம் ஊர்ச் சொல்லையும் எண்ணிப் பார்த்தேன். ஆனால் மதிலில் உரோஞ்சிப் பெயின்ற் போனதையும் அது குறிப்பதால் இங்கே பொருந்தாது.

‘தெளிபூச்சுக் கீறல்’ என்ற மற்றொரு பரிந்துரை அறிவியல் நோக்கிற் சரியானது, ஆனால் முழுமையற்றது. இன்றைய கார்களில் நிறப்பூச்சின்மேல் நிறமற்ற பூச்சு ஒன்று இருப்பதும், மயிர்க்கீறல் அதில்தான் விழுவதும் உண்மை. ஆனால் யாழ்ப்பாணத்தில் இன்றும் பேணப்படும் மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் கார்கள் பழைய முறைப்படியே பெயின்ற் அடிக்கப்பட்டிருந்தால் அவற்றில் தெளிபூச்சே இராது. அவற்றை மெருகிடும்போது பாட்மேல் காரின் நிறமே ஏறும். அங்கே விழும் கீறலுக்கு வேறு பெயர் தேடுவதா?

‘கீறல் நீக்கம்’ என்ற தொடரைப் பற்றியும் எனக்குக் கவலை உண்டு, ஏனெனில் கீறல் ஒரு பள்ளம், பள்ளத்தை எவரும் நீக்க முடியாது. பொலிஷர் செய்வது பள்ளத்தைச் சூழ்ந்த பூச்சைத் தேய்த்து, அதன் அடிமட்டம் வரை தாழ்த்துவதுதான். தெளிபூச்சின் தடிப்புப் பொதுவாக 40 தொடக்கம் 50 மைக்ரோமீற்றர் அளவில் இருக்கும், ஒரு தலைமயிரைவிட மெல்லியது. ஒவ்வொரு முறை மெருகிடும்போதும் அதில் ஒரு பகுதி திரும்பி வராமற் போகிறது. விளிம்புகளிலும் மடிப்புகளிலும் இன்னும் விரைவாகப் போகிறது. தடிப்பளவியும் பெரும்பாலும் உலோகத்தின்மேல் உள்ள எல்லாப் பூச்சுகளையும் சேர்த்தே காட்டும். தெளிபூச்சில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று தனியே சொல்லாது. நகத்தால் தடவும்போது தட்டுப்படும் ஆழமான கீறலை முற்றாக மறைக்க முயன்று தெளிபூச்சைத் துளைத்துவிடுவது இத்தொழிலின் மிகப் பெரிய ஆபத்து. ‘மட்டமாக்கல்’ என்று எழுதினால், எதையோ கரைத்துக்கொண்டிருக்கிறோம் என்ற எச்சரிக்கை சொல்லிலேயே இருக்கும். நீக்கம் என்ற சொல் அந்த இழப்பை மறைக்கிறது. எண்ணெய்ப் பசையால் கீறலை நிரப்பிப் பளபளப்புக் காட்டுவதை ‘நிரப்பல்’ எனத் தனியே பிரிக்கலாம். எண்ணெயைக் கரைக்கும் ஐசோபுரோப்பைல் அல்கஹோல் கலந்த நீரால் துடைத்ததும் மறைந்த கீறல் திரும்பத் தெரிந்தால், நடந்தது நிரப்பல்தான்.

கருவிப் பெயர்களில் எனக்குப் பிடிவாதம் இல்லை. ‘சுழல் மெருகுபொறி’, ‘ஈரசைவு மெருகுபொறி’ என்பன ரோட்டரிக்கும் டீ.ஏ.க்கும் பொருந்தும். ‘பாட்’ என்பதற்கு வந்த ‘மெத்தை’, ‘திண்டு’ இரண்டும் தேய்க்கும் பொருள் என்பதை உணர்த்தவில்லை. ‘தேய்ப்பு வில்லை’ என்று எழுதிப் பார்த்தேன், நிறைவில்லை. மட்டக்களப்பிலும் மலையகத்திலும் இவ்வேலை செய்வோர் தங்களுக்குள் அதை எப்படிச் சொல்கிறார்கள் என்பதை அறிந்தவர்கள் எழுதினால், அடுத்த குறிப்பில் அச்சொல்லையே இட்டுப் பார்க்க விரும்புகிறேன்.