சேபர்ஸ் சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்கலாமா, விட்டுவிடலாமா?

கோவில்பட்டிக்காரன் (ஆம்ஹர்ஸ்ட், நியூயார்க்), 2025 ஏப்ரல் 26

எல்லாருக்கும் வணக்கம். இது கேள்வியா புலம்பலா என்று எனக்கே தெரியவில்லை, படித்துவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இன்றோடு சரியாக 14 வருஷம். 2011 ஏப்ரல் 26 அன்று ஃபிலடெல்ஃபியாவிடம் ஏழாவது ஆட்டத்தில் 5-2 என்று தோற்றோமே, அதுதான் நம் ஊர் ஐஸ் ஹாக்கி அணி பஃபலோ சேபர்ஸ் கடைசியாக ஆடிய பிளேஆஃப் (சீசன் முடிந்ததும் கோப்பைக்காக நடக்கிற நாக்அவுட் சுற்று) ஆட்டம். என்.எச்.எல். என்பது 32 அணிகளில் 16 அணிகள் பிளேஆஃபுக்குள் போகிற லீக். பாதிப் பேர் பாஸ் ஆகிற பரீட்சையில் தொடர்ந்து 14 தடவை ஃபெயில். என்.எச்.எல். வரலாற்றிலேயே இவ்வளவு காலம் யாரும் வெளியே நின்றதில்லை.

நான் 2010 ஆகஸ்டில் இங்கே பல்கலைக்கழகத்துக்கு எம்.எஸ். படிக்க வந்தவன். ஊர் கோவில்பட்டி. உள்ளூர் ஹாக்கி ஆட்டங்களைப் பார்த்து வளர்ந்தவனுக்கு ஹாக்கியைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று ஒரு திமிர் இருந்தது. ஐஸ் ஹாக்கியை முதல் தடவை பார்த்தபோது பத்து நிமிஷம் பக் (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு) எங்கே போகிறது என்றே தெரியவில்லை. எல்லாரும் எழுந்து கத்தினால் நானும் எழுந்தேன், அவ்வளவுதான்.

2011 ஏப்ரல் 24, ஈஸ்டர் ஞாயிறு. லேபில் கூட வேலை பார்த்த பையன் குடும்பத்தோடு சாப்பிடப் போகவேண்டும் என்று தன் டிக்கெட்டை என்னிடம் கொடுத்துவிட்டான். ஆறாவது ஆட்டம், தொடரில் நாம் 3-2 முன்னிலை. ஒரு வெற்றி போதும். 18,000 பேருக்கு மேல் இருந்த அரங்கம் அது. நாற்காலி அதிர்வது முதுகில் தெரிந்தது. ஆட்டத்திலும் முன்னிலையில் இருந்து கோட்டைவிட்டார்கள், ஓவர்டைமுக்குப் போனது, வில்லே லைனோ என்ற ஃபின்லாந்துக்காரர் ஃபிலடெல்ஃபியாவுக்காகக் கோல் போட்டு முடித்தார். அத்தனை சத்தமும் யாரோ பிளக்கைப் பிடுங்கியதுபோல் நின்றது. வெளியே வரும்போது பக்கத்தில் ஒரு தாத்தா, "அடுத்த வருஷம் பார்க்கலாம் தம்பி" என்கிற தொனியில் தோளில் தட்டிவிட்டுப் போனார். அவர் இப்போது இருக்கிறாரோ என்னவோ.

இதில் கூத்து என்னவென்றால், அந்தக் கோடையில் சேபர்ஸ் அதே லைனோவை 6 வருஷத்துக்கு 27 மில்லியன் டாலர் கொடுத்து வாங்கியது. 2013-14 சீசனில் 58 ஆட்டம் ஆடி ஒரு கோல்கூடப் போடவில்லை. பணம் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். நமக்கு எதிராகப் போட்ட அந்த ஒரு கோலுக்குத்தான் சம்பளம் வாங்கினார் என்று நினைத்துக்கொள்வேன்.

அப்புறம்தான் 'ரீபில்டு', அதாவது பழைய ஆட்களை அனுப்பிவிட்டு இளம் ஆட்களை வைத்து அணியைப் புதிதாகக் கட்டுவது, என்ற வார்த்தை காதில் விழ ஆரம்பித்தது. கொஞ்சம் கஷ்டப்பட வேண்டியிருக்கும் என்று அன்றைய பொது மேலாளர் டார்சி ரெகியர் 2013-லேயே சொன்னார். அந்த மனிதர் மட்டும் பொய் சொல்லவில்லை.

என் அலமாரியைத் திறந்தால் கதை முழுக்கத் தெரியும், எல்லாம் ஆட்டக்காரர்களின் பேரும் எண்ணும் போட்ட ஜெர்சிகள். ஐக்கல் 15. அவர் எண்ணை மாற்றியதும் ஐக்கல் 9. ஓரைலி 90. ரைன்ஹார்ட் 23. ஓரைலியை 2018-ல் செயின்ட் லூயிஸுக்கு அனுப்பினார்கள், மறு வருஷமே அங்கே ஸ்டான்லி கோப்பை, அதோடு பிளேஆஃபின் சிறந்த ஆட்டக்காரர் விருது. ஐக்கல் வேகஸ் போனார், 2023-ல் கோப்பை. ரைன்ஹார்ட் ஃபுளோரிடா போனார், 2024 இறுதியில் ஏழாவது ஆட்டத்தின் வெற்றிக் கோலே அவருடையது. அந்த அணியில் மோன்டூரும் இருந்தார், ஒகோபோசோவும் இருந்தார். நம் வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் பக்கத்து வீட்டில் போய்ப் படித்து மாநில ரேங்க் வாங்குகிறார்கள்.

என் மகன் 2015 ஜூனில், இளம் ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கிற டிராஃப்டில் ஐக்கலை எடுத்த அதே வாரத்தில் பிறந்தவன். இன்னும் இரண்டு மாதத்தில் பத்து வயது. பிளேஆஃப் என்பதை டிவியில் மட்டும் நடக்கிற விஷயம் என்று நினைக்கிறான். போன தீபாவளிக்கு அவன் கேட்டானே என்று கசன்ஸ் 24 வாங்கிக் கொடுத்தேன். மார்ச்சில் கசன்ஸை ஒட்டாவாவுக்கு விற்றுவிட்டார்கள். ஒட்டாவா இப்போது பிளேஆஃபில். பையன் அழவில்லை. "அப்பா, பரவாயில்லை, இது வழக்கம்தானே" என்றான். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

300-வது அடுக்கில் இரண்டு சீட், 2018-லிருந்து வைத்திருக்கிறேன். வருஷத்துக்கு 41 ஆட்டம். புதுப்பிக்கலாமா, விட்டுவிடலாமா? அதோடு, விவரம் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்: ஓர் அணியைக் கட்ட 14 வருஷம் எப்படி ஆகும்?

---

நீலச்சட்டை (ஸ்காபரோ)

அண்ணை, முதல்ல ஒரு உண்மையைச் சொல்லிப்போடுறன். உங்கட அரங்கத்துக்கு எங்கட டொராண்டோ லீஃப்ஸ் வரேக்க நீலச் சட்டையோட வந்து கத்துற கூட்டத்தில நானும் ஒருத்தன். டொராண்டோவில ஒரு டிக்கெட் வாங்கிற காசில இங்க குடும்பமா வந்து பார்த்து, விங்ஸும் சாப்பிட்டு, எல்லையில லைன்ல நிண்டு வீட்டை போய்ச் சேரலாம். மன்னிக்கோணும்.

ஆனா உங்கட கவலை விளங்குது. நாங்கள் 1967-க்குப் பிறகு கோப்பை தூக்கினதில்லை. எங்கட ரீபில்டு கெதியா முடிஞ்சது, 2016-ல கடைசி இடத்தில வந்து மேத்யூஸை எடுத்து அடுத்த வருசமே பிளேஆஃப். அதுக்குப் பிறகு 2023-ல ஒரே ஒரு சுற்றுத்தான் வெண்டிருக்கிறம். நீங்கள் கலியாண வீட்டுக் கேற்றுக்கு வெளியில நிக்கிறீங்கள். எங்களை ஒவ்வொரு வருசமும் உள்ள கூப்பிட்டு, பந்தியில இருத்தி, இலையைப் போட்டுட்டு எழுப்பி விடுறாங்கள். எது கூடச் சோகம் எண்டு நீங்களே சொல்லுங்கோ.

டிக்கெட்டை விடாதேங்கோ. நீங்கள் விட்டால் அந்தச் சீட்டை எங்கட ஆக்கள்தான் வாங்குவினம்.

---

ராச்செஸ்டர்வாசி

நீலச்சட்டை தம்பி சொல்வதில் கடைசி வரி சத்தியம்.

கோவில்பட்டி, உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில்: இது 14 வருஷ ரீபில்டு கிடையாது. மூன்று ரீபில்டு. ஒவ்வொன்றும் முந்தினதை விற்றுத் தொடங்கியது. மாங்கன்று வைத்து, காய்க்கிற நேரத்தில் பிடுங்கி, அந்த இடத்தில் கொய்யா வைத்து, அது பூத்ததும் வெட்டி மறுபடி மாங்கன்று.

முதலாவது, பொது மேலாளர் டிம் மர்ரி காலம். 2013-14-ல் 52 புள்ளி, அடுத்த சீசனில் 54 புள்ளி, இரண்டிலும் கடைசி. எல்லாம் கானர் மெக்டேவிட் என்ற ஒரு பையனுக்காக. டிராஃப்டில் முதலில் எடுப்பது யார் என்ற லாட்டரியில் கடைசி அணிக்குத்தான் வாய்ப்பு அதிகம், நமக்கு 20 சதவீதம். எட்மண்டனுக்கு 11.5. குலுக்கலில் எட்மண்டன். நமக்கு இரண்டாவது இடம், ஐக்கல். அவர் மோசமான ஆட்டக்காரர் இல்லை, ஆனால் இரண்டு வருஷம் வேண்டுமென்றே குப்பை ஆட்டம் ஆடியதற்கு அந்த விலை சரியா?

2015 மார்ச் 26 உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கடைசி இடத்துக்குப் போட்டி போட்ட அரிசோனா நம் அரங்கத்தில் ஓவர்டைமில் கோல் போட்டது. நம் ஆட்களே எழுந்து கைதட்டினார்கள். ஐஸில் நின்ற நம் ஆட்டக்காரர்கள் மேலே பார்த்தார்கள். நான் டிவியில் பார்த்தேன், உடம்பு கூசியது. தோற்றால் நல்லது என்று ஓர் ஊரே பழகிவிட்டால், அதே அறைக்குள் வருகிற 18 வயசுப் பையனிடம் ஜெயிக்கக் கற்றுக்கொள் என்று எப்படிச் சொல்வது? ஓரைலி 2018-ல், போகிறதுக்கு முன்னால், தோல்வி தன்னையும் ஒட்டிக்கொண்டது, ஆட்டத்தின் மேலிருந்த ஆசையே குறைந்துவிட்டது என்று வெளிப்படையாகப் பேசினார். பேசியவரைத்தான் அனுப்பினார்கள்.

இரண்டாவது, அடுத்த மேலாளர் பாட்டரில் காலம். 2018 நவம்பரில் தொடர்ந்து பத்து வெற்றி, லீக்கிலேயே முதலிடம். அந்த சீசனிலும் பிளேஆஃப் இல்லை. 2020-ல் அவரையும் ஏகப்பட்ட ஸ்கவுட்களையும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கக்கூட இல்லை, சும்மா விற்றார்கள்.

மூன்றாவது, 2020-ல் வந்த மேலாளர் கெவின் ஆடம்ஸ் காலம். 2021-ல் 18 ஆட்டம் வெற்றியே இல்லாமல் போனது. அந்தக் கோடையில் கோல்கீப்பர் உல்மார்க்கைப் போகவிட்டார்கள், அவர் பாஸ்டனில் 2023-ல் சிறந்த கோல்கீப்பர் விருது வாங்கினார். 2022-23-ல் 91 புள்ளி, ஒரே ஒரு புள்ளியில் போனது. அந்த ஒரு புள்ளியில் உள்ளே போன ஃபுளோரிடா இறுதி ஆட்டம் வரை போனது. அன்றைக்கு ஓர் அனுபவசாலியை வாங்கிப்போட்டிருந்தால் நீங்கள் இந்தப் பதிவே எழுதியிருக்க மாட்டீர்கள். எதுவும் செய்யவில்லை. போன டிசம்பரில் 13 ஆட்டம் தொடர்ந்து வெற்றி இல்லை. ஆடம்ஸிடம் கேட்டால், இங்கே பனைமரம் இல்லை, வரி வேறு இருக்கிறது, யாரும் வர மாட்டேன் என்கிறார்கள் என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

முதலாளியைத் திட்டுவார்கள், நானும் திட்டுவேன். ஆனால் பெகுலா குடும்பத்திடம்தான் பில்ஸ் ஃபுட்பால் அணியும் இருக்கிறது. அதுவும் 17 சீசன் வெளியே நின்ற அணி. 2017-ல் ஒரு கோச், ஒரு மேலாளர் என்று பிடித்தார்கள், எட்டு வருஷம் அவர்களை மாற்றவில்லை. அதே 2017-லிருந்து சேபர்ஸில் ஹௌஸ்லி, க்ரூகர், கிரனாட்டோ, இப்போது மறுபடி லிண்டி ரஃப். நாலு கோச். ரஃப்தான் 2011-ல் அந்த பிளேஆஃபிலும் கோச் என்பதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா.

---

கோவில்பட்டிக்காரன்

அண்ணாச்சி, அந்த அரிசோனா ஆட்டத்தில் கைதட்டினவர்களில் நானும் ஒருவன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மெக்டேவிட் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அன்று உண்மையாகவே நம்பினேன். அப்போது மனைவிக்கு ஆறாவது மாதம். "யார் ஜெயித்தது என்று இவ்வளவு சந்தோஷமாக வருகிறீர்கள்?" என்று கேட்டாள். பதில் சொல்லவில்லை.

ஆனால் ஒன்றில் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன். ஓரைலியைக் கொடுத்துத்தானே டேஜ் தாம்சன் வந்தார்? இந்த சீசனில் 44 கோல். டாலின் இருக்கிறார். மரத்தை முழுக்க வெட்டிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது.

---

ராச்செஸ்டர்வாசி

தாம்சன் நல்ல பையன்தான், ஒத்துக்கொள்கிறேன். அவர் இங்கே ஏழு சீசன் ஆடியிருக்கிறார், ஒரு பிளேஆஃப் ஆட்டம் கிடையாது. ஜெஃப் ஸ்கின்னரைப் பாருங்கள். 1000 ஆட்டத்துக்கு மேல் ஆடியும் பிளேஆஃப் பார்க்காத மனிதர். நாம் பணம் கொடுத்து அனுப்பினோம், எட்மண்டன் போனார், இந்த வாரம்தான் முதல் பிளேஆஃப் ஆட்டம் ஆடினார். தாம்சன் பேரிலும் தயவுசெய்து ஜெர்சி வாங்கிவிடாதீர்கள்.

---

வடை_ஒன்று

இங்கே இரண்டு ஆண்கள் வரலாறு பேசிக்கொண்டிருக்கிறீர்கள், கேட்ட கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

சீசன் டிக்கெட்டை விடுங்கள். நவம்பர் மாதம் செவ்வாய்க்கிழமை ராத்திரி ஆட்டத்துக்கு எவ்வளவு சீட் காலி என்று உங்களுக்கே தெரியும். அன்றைக்கு மத்தியானம் போனைத் திறந்தால் உங்களுடையதைவிடக் கீழ் அடுக்கில், குறைந்த விலையில் யாராவது விற்றுக்கொண்டிருப்பார்கள். எங்கள் வீட்டில் மூன்று வருஷமாக அப்படித்தான். 41 ஆட்டத்துக்குப் பதிலாகப் பத்து. மீதிப் பணத்தில் பையனை ஸ்கேட்டிங்கில் சேர்த்தோம். இப்போது அவன் தோற்றால் நான் கத்துகிறேன், டிவி பார்த்துக் கத்துவதில்லை.

இன்னொன்று. பையனுக்கு பிளேஆஃப் காட்ட வேண்டும், அதுதானே உங்கள் குறை? ராச்செஸ்டர் அமெர்க்ஸ் நம் அணியின் இரண்டாம் நிலை அணிதான், அது இப்போது பிளேஆஃபில் இருக்கிறது. ஒன்றேகால் மணி நேரம் கார் ஓட்டினால் போதும். டெவன் லெவி கோலில் நிற்கிறார், ரைன்ஹார்ட்டைக் கொடுத்து வாங்கினோமே, அவரேதான். அரங்கம் சின்னது, ஐஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் கண்ணாடியில் மோதுகிற சத்தம் வயிற்றில் கேட்கும். சேபர்ஸ் ஆட்டத்தில் அந்தச் சத்தம் கேட்டுப் பல வருஷம் ஆகிறது, எல்லாரும் சுற்றிச் சுற்றியே போகிறார்கள்.

---

நீலச்சட்டை (ஸ்காபரோ)

அக்கா சொல்லுறதுதான் சரி. ஆனா நான் முன்னம் சொன்னதை வாபஸ் வாங்கேல்லை.

---

கோவில்பட்டிக்காரன்

வடை அக்கா, நன்றி. ராச்செஸ்டர் ஒரு மணி நேரத்தில் இருக்கிறது, 14 வருஷமாக எனக்கு இது தோன்றவே இல்லை பாருங்கள். அடுத்து அங்கே நடக்கிற ஆட்டத்துக்கு மூன்று டிக்கெட் எடுத்துவிட்டேன். மனைவியும் வருகிறாள், 2019-க்கு அப்புறம் ஹாக்கிக்கு அவள் வருவது இதுதான் முதல் தடவை. ராச்செஸ்டர் அண்ணாச்சி, நீங்கள் போவதாக இருந்தால் சொல்லுங்கள், இடைவேளையில் சந்திக்கலாம்.

சீசன் டிக்கெட் விஷயம் இன்னும் முடிவாகவில்லை. பத்து ஆட்டக் கணக்கை ஒரு தாளில் போட்டு மனைவி ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறாள். பால் எடுக்கப் போகும்போதெல்லாம் கண்ணில் படுகிறது.

நேற்று ராத்திரி பையன் கசன்ஸ் ஜெர்சியைத் தரையில் விரித்து வைத்துக்கொண்டு, ஸ்டிக்கில் சுற்றுகிற வெள்ளை டேப்பை எடுத்து முதுகில் இருந்த பேரின் மேல் ஒட்டிக்கொண்டிருந்தான். மூன்று வரிசை, ஓரம் சுருங்காமல், நகத்தால் தேய்த்துத் தேய்த்து. மார்க்கரைக் கேட்டான். டாலின் என்று எழுதப் போகிறானோ என்று பயந்தே போனேன். தன் பேரை எழுதினான். கடைசி எழுத்துக்கு டேப்பில் இடம் போதவில்லை, நீலத் துணியிலேயே எழுதிவிட்டான்.