காவேரிப்பட்டணம் வீட்டுக் குழு, ஞாயிற்றுக்கிழமை

பெரிய மாமா: (பலமுறை பகிரப்பட்டது) கஞ்சா போதை அல்ல, மூலிகை! சித்தர்கள் சொன்னதை மறைத்துவிட்டார்கள்! இயற்கை தந்தது எதுவும் கெடுதல் செய்யாது. பத்துப் பேருக்கு அனுப்புங்கள்.

அம்மா: அண்ணா, காலையிலேயே இதுவா? பிள்ளைகளும் இருக்கிற குழு.

பெரிய மாமா: இருந்தால் என்ன? 1985ல் கஞ்சாவுக்குச் சட்டம் போட்டார்கள், 1987ல் கள்ளை நிறுத்தினார்கள், பாட்டிலை மட்டும் அரசாங்கமே விற்கும். கேட்டால் தப்பா?

கவிதா அக்கா: பாட்டில் விஷயத்தில் நான் உங்கள் பக்கம்தான் மாமா. ஆனால் இயற்கை என்றால் கெடுதல் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். அரளி விதையும் இயற்கைதான், ஊமத்தையும் இயற்கைதான்.

அம்மா: ஊமத்தை என்று படித்ததும் ஆயா போனைக் கேட்கிறார், சொல்லச் சொல்லத் தட்டுகிறேன். "என் சின்ன அண்ணனுக்கு இளைப்பு. ஊமத்தை இலையைக் காயவைத்துச் சுருட்டிப் புகைப்பான், கொஞ்சம் அடங்கும். ஒருநாள் யாரோ சொன்னார்கள் என்று விதையைத் தின்றுவிட்டான். இரண்டு நாள் திண்ணையில் உட்கார்ந்து காற்றில் நூல் பிடுங்கிக்கொண்டே இருந்தான், என்னைப் பார்த்து அம்மா என்றான், நாக்கு காய்ந்து ஒட்டிக்கொண்டது. பிழைத்தான், ஆனால் வெயிலைப் பார்க்க முடியாமல் கண்ணைப் பொத்திக்கொண்டே கிடந்தான்."

கவிதா அக்கா: கண்பாவை விரிந்திருக்கும் ஆயா. அதில் இருக்கும் அட்ரோபின், நரம்புக்கு நரம்பு செய்தி கொண்டுபோகும் அசிடைல்கோலினை வழிமறித்துவிடும். கஞ்சாவுக்கு வழி வேறு.

நான்: அது எப்படி அக்கா?

கவிதா அக்கா: கஞ்சாவில் மயக்குகிற டிஎச்சியை 1964லேயே இஸ்ரேலில் பிரித்தெடுத்துவிட்டார்கள். அது போய் ஒட்டிக்கொள்ள மூளையில் ஏற்பிகள் இருப்பது ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது. ஒரு செடிக்காகவா மூளை பூட்டு செய்து வைத்திருக்கும் என்று தேடினால், 1992ல் பன்றி மூளையிலிருந்து அந்தப் பூட்டுக்கு உரிய சொந்தச் சாவி கிடைத்தது. நம் ஆனந்தம் என்ற சொல்லை வைத்தே அனந்தமைடு என்று பெயர். உடம்பு அதைத் தேவைப்படும் இடத்தில் கொஞ்சமாகச் செய்து, உடனே உடைத்தும் போட்டுவிடும். டிஎச்சி மணிக்கணக்கில் உட்கார்ந்துவிடும். கதவைத் திறந்து மூடுவது ஒன்று, கதவைக் கழற்றித் திண்ணையில் சாத்திவைப்பது ஒன்று.

பெரிய மாமா: ஆக, உடம்பே கஞ்சா செய்கிறது என்கிறாய். நான் சொன்னதும் அதுதான்!!

கவிதா அக்கா: வயிறு அமிலமும்தான் சுரக்கிறது மாமா, அதற்காக ஆசிட் பாட்டிலைக் குடிக்கிறோமா? அபின் வகைகள் மாதிரி மூச்சை நிறுத்திவிடாது, அது உண்மை. ஆனால் மூளை முதிர்ந்து முடிய 25 வயது வரைக்கும் ஆகும், 17, 18ல் ஆரம்பிக்கிறவனுக்கு அதுதான் ஆபத்து. சிலருக்குப் புத்தியே பேதலிக்கும்.

அம்மா: அருண், நீ ஏன் இத்தனை கேட்கிறாய்?

நான்: எனக்கு இல்லை அம்மா. ஓசூரில் என் அறைப் பையன் ஆறு மாதமாகப் பிடிக்கிறான். இப்போது ஃபேன் சத்தத்தில் யாரோ தன் பெயரைச் சொல்லித் திட்டுவது கேட்கிறதாம். சோற்றை மோந்து பார்த்துவிட்டு வைத்துவிடுகிறான். அவன் வீட்டில் யாருக்கும் தெரியாது.

அம்மா: முதலில் நீ அந்த அறையைக் காலி செய்.

பெரிய மாமா: கஞ்சா குடிக்கியோடு உனக்கு என்ன சகவாசம்? போலீசில் சொல்லிப் பிடித்துக் கொடு.

கவிதா அக்கா: ஒரு மணி நேரத்துக்கு முன்னால் மூலிகை, மாமா.

கவிதா அக்கா: அருண், அவனைத் தனியாக விடாதே, அவனோடு வாதாடவும் செய்யாதே. குரல் கேட்பது அவனுக்கு நிஜம். அரசாங்கத்தின் மனநல உதவி எண் 14416க்கு இப்போதே கூப்பிடு, தமிழில் பேசுவார்கள். நாளை காலை கிருஷ்ணகிரி பெரிய ஆஸ்பத்திரியில் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். வழக்கு வரும் என்று பயந்தால், மாமா சொன்ன அதே 1985 சட்டத்தில் 64ஏ பிரிவு இருக்கிறது: கொஞ்சமாக வைத்திருந்து பழக்கத்துக்கு ஆளானவன் தானாக வந்து சிகிச்சையை முடித்தால் அந்தக் குற்றத்துக்கு வழக்குத் தொடர மாட்டார்கள்.

அம்மா: ஆயா கேட்கிறார், அந்தப் பையன் இன்றைக்காவது சாப்பிட்டானா?

நான்: வாழைப்பழம் மட்டும். தோலை அவனே உரித்தால்தான் சாப்பிடுகிறான்.

பெரிய மாமா: அவன் அப்பா எண்ணை எனக்குத் தனியாக அனுப்பு. காலை ஏழு மணிக்குக் காரோடு ஓசூரில் இருப்பேன்.